ஏறாதவங்க கை தூக்குங்க

ஏப்ரல் 4

அடியே கோட்டான்,

நீ சொன்னபடியே போன் செய்யவில்லை. "ஏதாவது சொல்லணும்னா எழுது. போன்ல நீ என்னைப் பேசவே விட மாட்டே" என்று சொல்லிவிட்டு டக்கென்று வைத்தாயே, அன்றிலிருந்து எனக்கு வாய் அரித்துக்கொண்டே இருக்கிறது. கடை பில்லிங் கவுன்ட்டரில் உட்கார்ந்து பழைய பில் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் ஆணி, கீல், பெயின்ட் என்று ஏதாவது இருந்தால் கண்டுகொள்ளாதே. ஹார்டுவேர் கடைக்காரியிடம் பூப்போட்ட தாளா இருக்கும்?

விஷயத்துக்கு வருகிறேன். கோடைப் பயணம். ஹாஸ்டலில் ஒரே அறையில் நான்கு கட்டிலில் கிடந்த காலத்திலிருந்து ஒரு வருஷம்கூட நாம் விட்டதில்லை. இந்த வருஷம் விட்டால் அப்புறம் கிடையாது. டிரைவரம்மா வேனை விற்கிறாள். பள்ளிக்கூடத்தில் சொந்தமாக பஸ் வாங்கிவிட்டார்களாம், இனி பிள்ளைகளை ஏற்றிப்போக இவள் வேன் தேவையில்லையாம். லீவு முடிந்ததும் வாங்குகிறவன் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவான். நர்ஸ் லீவு எழுதிக் கொடுத்தாச்சு. நம் நாலு பேரில் பாக்கி நீதான்.

நிதி மந்திரி என்று பேர் வைத்தீர்களே, அந்தப் பேரைக் காப்பாற்றிவிட்டேன். முதல் நாள் ஏரி, மறுநாள் அருவி, அதற்கடுத்த நாள் காட்டோர முகாம். மூன்று இடம், ஒரே டேங்க் பெட்ரோல். ஹோட்டல் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. ரொட்டி, முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம், டீத்தூள் எல்லாம் இங்கிருந்தே. ஐஸ் பெட்டிக்கு வாடகை கேட்கிறான், அவன் தலையில் இடி விழ. அதற்குப் பதில் எங்கள் கடையில் மூடி போட்ட பெரிய பெயின்ட் வாளி இருக்கிறது. சுற்றிலும் போர்வையைச் சுற்றி உள்ளே ஐஸ் போட்டால் ரெண்டு நாள் தாங்கும். போன வாரம் சோதித்துப் பார்த்தேன். வெண்ணெயில் மட்டும் லேசாக பெயின்ட் வாசனை.

டென்ட் எங்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது. அதில் எந்தக் கம்பி எதில் நுழையும் என்று உனக்கு மட்டும்தான் தெரியும், அதனால் பிகு பண்ணாமல் வந்து சேர்.

சரி என்று ஒரு வார்த்தை எழுது.

உன்
மந்திரி


ஏப்ரல் 13

மந்திரிக்கு,

கடிதம் வந்தது. கீல் விலை ஏறிவிட்டது போலிருக்கிறது.

நான் வரவில்லை.

இவ்வளவுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ பதில் வந்ததும் "பார்த்தியா, மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டா" என்று டிரைவரம்மாவிடம் சொல்வாய் என்பதால் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

வேலை நன்றாகப் போகிறது. இந்த ஹோட்டலின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது. நாள் முழுக்க விரிப்புகள் வந்துகொண்டே இருக்கும். துவைக்கிற மெஷினும் காயவைக்கிற மெஷினும் போடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எல்லோரும் கையாலும் கண்ணாலும்தான் பேசிக்கொள்கிறோம். வந்த முதல் வாரமே எனக்குப் பிடித்துப்போனது. இங்கே என்னை யாரும் ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவதில்லை.

நீ நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். வாளிக்குப் போர்வை சுற்றுவது வரைக்கும் இருக்கிறது. வெண்ணெய் கூட இருக்கிறது. பெட்ரோல் பங்க் பற்றி ஒரு வரி இல்லை.

டென்ட்டைப் பற்றிக் கவலைப்படாதே. நீளமான ரெண்டு கம்பியும் மேலே குறுக்காகப் போகும். வளைந்தது வாசலுக்கு. முனையில் சிவப்பு நூல் கட்டியிருக்கும் கம்பியை மட்டும் கடைசியில் நுழைக்க வேண்டும், முதலில் நுழைத்தால் மற்றது எதுவும் நிற்காது. அந்த நூலைக் கட்டியதே நான்தான். இனி அதற்காக யாரும் என்னைத் தேட வேண்டியதில்லை.

நன்றாகப் போய்விட்டு வாருங்கள்.


ஏப்ரல் 19

கோட்டான்,

சரி, கூப்பிடக் கூடாது என்றால் கூப்பிடவில்லை. ஆனால் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கை தடுமாறுகிறது. இத்தனை வருஷம் நீ அந்தப் பேருக்குச் சிரித்துக்கொண்டுதானே இருந்தாய்?

பெட்ரோல் பங்க், பெட்ரோல் பங்க். வேண்டுமென்றே உன்னை விட்டுவிட்டுப் போனோமா என்ன? போன வருஷம் கிளம்பின அன்றைக்கு நடந்தது உனக்கே தெரியும். நர்ஸ் ராத்திரி டூட்டி முடித்துவிட்டு வந்து, பின் சீட்டில் போர்வைக் குவியலுக்குள் பிணம் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். நீயும் அவள் பக்கத்தில் சாய்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன். நான் முன் சீட்டில். டிரைவரம்மா வழக்கம்போல சாவியைத் திருகுவதற்கு முன்னால், பள்ளிப் பிள்ளைகளிடம் கத்துகிற மாதிரியே "ஏறாதவங்க கை தூக்குங்க!" என்று கத்தினாள். வழக்கம்போல நான் சிரித்தேன். யாரும் கை தூக்கவில்லை. கிளம்பிவிட்டோம். முதல் வருஷத்திலிருந்து நாம் இப்படித்தானே கிளம்புகிறோம்? தலையை எண்ணிக்கொண்டா கிளம்பினோம்?

நீ எப்போதும் இருக்கிற இடம் தெரியாமல் இருப்பவள். அதை நல்ல குணம் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

தெரிந்த உடனே திரும்பி வந்தோமே! டிரைவரம்மா எப்படி ஓட்டினாள் தெரியுமா? எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வந்து உன்னைப் பார்த்த பிறகுதான் மூச்சே வந்தது. நீயும் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் வண்டியில் ஏறினாய், பேசாமல் டென்ட் போட்டாய், பயணம் முழுக்க எப்போதும் போலத்தான் இருந்தாய். ஊருக்குத் திரும்பி ரெண்டே மாதத்தில் வேலை கிடைத்தது என்று கிளம்பிப் போனவள், ஒரு வருஷம் கழித்து இப்போது ஏன் தூக்கிப் பிடிக்கிறாய்?

கோபம் இருந்தால் அப்போதே திட்டியிருக்கலாம். வாங்கிக்கொண்டிருப்பேன்.

மந்திரி


ஏப்ரல் 27

மந்திரிக்கு,

திட்டச் சொல்கிறாய். எனக்குத் திட்ட வராது. நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இதைப் போனில் சொல்லியிருந்தால் ரெண்டாவது வரியிலேயே நீ குறுக்கே வந்திருப்பாய். தாளில் வர முடியாது, அதனால் முழுக்கப் படி.

நான் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். நீ ஜன்னல் வழியாக பெட்ரோல் போடுகிறவரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். உன் தோளைத் தொட்டு, "பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்றேன். நீ திரும்பாமலே "ம்ம்" என்றாய்.

வெளியே வந்தபோது வேன் மெயின் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஓடினேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன், சத்தம் வந்ததா என்று தெரியாது. ரோட்டோரத்தில் நின்று ரெண்டு கையையும் தூக்கினேன். நம் விளையாட்டுப்படியே, ஏறாதவள் கை தூக்கினேன்.

போனும் பையும் வண்டியில். உங்கள் யார் நம்பரும் மனப்பாடம் இல்லை. டயருக்குக் காற்றுப் பிடிக்கும் இடத்தில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள், அதன்மேல் உட்கார்ந்தேன். காற்றுப் பிடிக்கிறவர் டீ வாங்கிக் கொடுத்தார். "யாராச்சும் வருவாங்களாம்மா?" என்று கேட்டார். "வருவாங்க" என்றேன். அடுத்த வண்டிக்குக் காற்றுப் பிடித்துவிட்டு வந்து மறுபடியும் கேட்டார். முதலில் தைரியமாகத்தான் சொன்னேன். இதோ திரும்பிவிடுவார்கள், மந்திரி ஏதாவது கேட்பாள், நான் பதில் சொல்ல மாட்டேன், உடனே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் பதில் சொல்லாவிட்டால் உங்களுக்கு வித்தியாசமாகத் தெரியாது. நிழல் டயர் அடுக்கைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

நீங்கள் எப்போது என்னைத் தேடினீர்கள் என்று நீ எழுதவில்லை. நர்ஸ் அப்புறம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். ஏரிக்குப் போய்ச் சேர்ந்து, சாமான் எல்லாம் இறக்கி, டென்ட் பையைப் பிரித்த பிறகு, கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நீ என்னைக் கூப்பிட்டிருக்கிறாய்.

நீங்கள் திரும்பி வந்தபோது அழுதுவிடுவேன் என்று பயந்தேன். நீ கதவைத் திறந்துகொண்டு குதித்து வந்தாய். கட்டிப்பிடிக்கப் போகிறாய் என்று நினைத்து எழுந்து நின்றேன். "சொல்லிட்டுப் போக மாட்டியாடி?" என்றாய். அதுதான் உன் முதல் வார்த்தை. வண்டியில் ஏறியதும் ரெண்டாவதாகக் கேட்டது, சிவப்பு நூல் கட்டிய கம்பி எதற்கு என்று.

அந்தப் பயணம் முழுக்க நான் உங்களோடு கோபமாகப் பேசாமல் இருந்தேன். எப்போதும் போல இருந்ததாக எழுதியிருக்கிறாய். அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.


மே 2

உனக்கு,

கடிதத்தை முழுக்கப் படித்தேன். நடுவில் எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

நீ தோளைத் தொட்டது எனக்கு ஞாபகமே இல்லை. சில்லறைச் சண்டை ஞாபகம் இருக்கிறது, அந்த ஆள் சட்டையில் பட்டன் இல்லாதது ஞாபகம் இருக்கிறது. நீ சொன்னது ஞாபகம் இல்லை.

மன்னித்துவிடு என்பதற்கு முன்னாலும் பின்னாலும் எதுவும் சேர்க்கப் போவதில்லை. சேர்க்க ஆரம்பித்தால் நான் எங்கே போய் நிற்பேன் என்று உனக்குத் தெரியும்.

மூன்று இடத் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்கு எங்கே போக வேண்டும்? இத்தனை வருஷத்தில் இதை உன்னிடம் கேட்டோமா என்று யோசித்துப் பார்த்தேன். டிரைவரம்மாவைக் கேட்டேன், "அவதான் எங்க போனாலும் சரின்னுடுவாளே" என்றாள். நர்ஸைக் கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டாள்.

நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். வராவிட்டாலும் இதற்குப் பதில் எழுது. எனக்குத் தெரிய வேண்டும்.

மந்திரி


மே 9

மந்திரி,

நீ இவ்வளவு சின்னக் கடிதம் எழுதுவாய் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கேட்டவுடன் பதில் வரவில்லை. கேட்டுப் பழக்கமில்லாத கேள்வி. ரெண்டு நாள் விரிப்பு மடிக்கும்போதெல்லாம் யோசித்தேன். பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது, எதிர்ப்பக்கம் ஒருத்தி பிடிக்க வேண்டும். பேசத் தேவையில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எப்போது இழுக்கிறாள், எப்போது முன்னால் வருகிறாள் என்று. பார்க்காவிட்டால் கோணலாகிவிடும். உங்களிடம் நான் கேட்டதும் அவ்வளவுதான் என்று அப்போது தோன்றியது. என்னைப் பேச வைக்க வேண்டாம். அவ்வப்போது திரும்பிப் பார்த்தால் போதும்.

பதில் இதுதான். ஏரிக்குப் போகிற வழியில் இடது பக்கமாக ஒரு மண் பாதை பிரியும். கூடாரம் போட இடம் உண்டு என்று ஒரு பலகை சாய்ந்து நிற்கும். மேலே வெறும் புல்வெளி, ஒற்றை மரம். ஒவ்வொரு வருஷமும் பின் சீட் கண்ணாடி வழியாக அதைப் பார்ப்பேன். பார்த்து முடிப்பதற்குள் நீ அடுத்த இடத்துக்கு அவசரப்படுத்திக்கொண்டிருப்பாய். எனக்கு அங்கே போக வேண்டும். ரெண்டு ராத்திரியும் அந்த ஒரே இடத்தில். காலையில் "கிளம்பு கிளம்பு" என்று யாரும் என் காலைத் தட்டக் கூடாது. பாதி வழிதான், பெட்ரோலும் மிச்சமாகும், உன் நிதி நிலைமைக்கும் நல்லது.

அப்புறம், முன் சீட் எனக்கு வேண்டும். இத்தனை வருஷமும் போர்வையோடு போர்வையாகப் போயாயிற்று.

வருகிறேன். இங்கிருந்து வரும் பஸ் அந்த பெட்ரோல் பங்க் முன்னால் நிற்கிறது. உன் ஊருக்கு வந்து சுற்றுவானேன், அங்கேயே என்னை ஏற்றிக்கொள்ளுங்கள். எங்கே இறங்கினேனோ அங்கேயே ஏறிக்கொள்கிறேன்.

பெயின்ட் வாசனை வெண்ணெய் மட்டும் வேண்டாம்.

கோட்டான்
(நானே போட்டுக்கொண்டால் பரவாயில்லை.)


மே 16

என் கோட்டான்,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. காலை உடைத்துக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இந்தத் தடவை டென்ட்டுக்காக உன்னைக் கூப்பிடவே கூடாது, நீ புல்லில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க நான் போட வேண்டும் என்று வைராக்கியம். நீ எழுதிய வழிமுறையை வைத்து வீட்டு முற்றத்தில் போட்டுப் பழகலாம் என்று ஏணி வைத்துப் பரணில் ஏறினேன். தம்பி பக்கத்து அறையில்தான் இருந்தான், ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்து பிடித்திருப்பான். எனக்குப் பொறுமை ஏது? பையை இழுத்தேன், பையும் வந்தது, ஏணியும் வந்தது, நானும் வந்தேன். கணுக்காலில் எலும்பு விரிசல். முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. காலைக் கீழே ஊன்றவே கூடாதாம்.

தள்ளிப்போட முடியாது. நாம் போய்த் திரும்ப வேண்டிய மறுநாளே வேன் வாங்குகிறவன் வருகிறான். புல்வெளிக்காரரிடம் முன்பணம் கட்டியாச்சு, அதைத் திருப்பித் தர மாட்டாராம். அதனால் நீங்கள் மூன்று பேரும் போகிறீர்கள். இது மந்திரி உத்தரவு. நர்ஸ் "நீ இல்லாம எப்படிடி" என்று மூக்கை உறிஞ்சினாள், வாயை மூடு என்று சொல்லிவிட்டேன்.

23ஆம் தேதி சனிக்கிழமை காலை வேன் என் வாசலில் வந்து நின்று டென்ட்டையும் வாளியையும் எடுத்துக்கொள்ளும். ஹாரன் அடிக்காமல் போகும்படி டிரைவரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருக்கிறார்கள், அன்றைக்கு மட்டும் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

நானேதான் போகச் சொல்கிறேன். எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. அப்படியும் அந்த வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தத்தை நினைத்தால் இப்போதே காதைப் பொத்திக்கொள்கிறேன். உன்னிடம் யாரும் ஒன்றும் சொல்லாமலே அது நடந்தது. அன்றைக்கு டயர்மேல் உட்கார்ந்திருந்தவளிடம் வந்து நான் என்ன கேட்டேன்! இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு வேறு வேலையில்லாமல் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முன் சீட் உனக்குத்தான். அதன் கண்ணாடியை இறக்க, கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கிச் சுற்ற வேண்டும். ஒற்றை மரம் எப்படி இருந்தது என்று வந்ததும் எழுது. நீளமாக எழுது. படித்து முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டேன்.

மந்திரி


மே 23, பெட்ரோல் பங்க்

மந்திரி,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. மடியில் உன் பெயின்ட் வாளியை வைத்து, அதன் மூடிமேல் எழுதுகிறேன். டிரைவரம்மா டயருக்குக் காற்றுப் பிடிக்கிறாள். காற்றுப் பிடித்துவிடுகிறவர் அன்றைக்கு இருந்த அதே ஆள்தான். என்னைப் பார்த்ததும், "வந்துட்டாங்களாம்மா?" என்றார். "வந்துட்டாங்க" என்றேன். வாயெல்லாம் பல் அவருக்கு.

பஸ்ஸிலிருந்து இறங்கினேன், அடுத்த நிமிஷமே நம் வேன் வந்து நின்றது. நர்ஸ் தூங்காமல் உட்கார்ந்து வந்திருக்கிறாள், நம்ப முடிகிறதா? இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். டிரைவரம்மா முன் கதவைத் திறந்து விட்டாள். ஏறி உட்கார்ந்தேன். கைப்பிடியை மேலே தூக்கிச் சுற்றினேன், கண்ணாடி இறங்கியது.

டிரைவரம்மா சாவியில் கை வைத்தாள். பழக்க தோஷம், "ஏறாதவங்க..." என்று ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். நர்ஸ் அவள் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"முழுசா சொல்லு" என்றேன்.

"வேணாம்டி, தெரியாம வந்துடுச்சு."

"பரவால்ல. சொல்லு."

"ஏறாதவங்க கை தூக்குங்க" என்றாள், சத்தமே இல்லாமல்.

நான் கையைத் தூக்கினேன். ரெண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். "மந்திரி ஏறல" என்றேன்.

நர்ஸ் என் தூக்கிய கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் டிரைவரம்மா, "காலைல அவ வாசல்ல வண்டியை எடுக்கவே எனக்கு மனசு வரல. ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தா. நீ ஏதாச்சும் சொல்லுவியான்னு பாத்துக்கிட்டே வந்தேன்" என்றாள். நர்ஸ், காலைக் கீழே ஊன்றாமல் நீட்டி வைத்தால் போதும், தலையணை அவள் பொறுப்பு, மருந்து மாத்திரையும் அவள் பொறுப்பு என்றாள். ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில் சொன்னாள், அதனால் நீ மறுக்க முடியாது.

வண்டியைத் திருப்புகிறோம். கத்தாதே. இந்தப் பெட்ரோல் உன் பட்ஜெட்டில் இல்லை என்று எனக்குத் தெரியும். இன்றைய பகலில் பாதி வண்டியிலேயே போய்விடும் என்றும் தெரியும். எனக்கு எங்கே போக வேண்டும் என்று நீதானே கேட்டாய்? அங்கே போக வேண்டும் என்றுதான் எழுதினேன். நீ இல்லாமல் போக வேண்டும் என்று எழுதவில்லை.

முன் சீட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன், அதில் பேச்சே கிடையாது. பின் சீட் முழுக்க உன் காலுக்கு. போர்வைக்குள் இருந்துகொண்டு பார், அந்தக் கண்ணாடி வழியாகவும் எல்லாம் தெரியும். புல்வெளியில் நீ நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார். டென்ட்டை நான் போடுகிறேன். எனக்கு அது பிடிக்கும். யாரும் கேட்காததால் சொன்னதில்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் உன் தெருவுக்குள் வருவோம். ஹாரன் அடிப்போம், பக்கத்து வீட்டுக்காரர்கள் திட்டினால் திட்டட்டும். நான் உள்ளே வந்து இதை உன் கையில் கொடுப்பேன். நீ வாயைத் திறப்பாய். ஒரு வார்த்தை பேசாமல் முதலில் படி என்று சொல்வேன்.

படித்துவிட்டாயா?

வா, என் தோளைப் பிடித்துக்கொள். ஏறு.

கோட்டான்